ஜைத்தூன் லாத்தா ஏறிய மலை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பம்பாயில், செம்பூரில் லோக்கல் ட்ரெயின் ஏறி வழக்கம்போல லேடீஸ் பெட்டியில் நசுங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கையைப் பைக்குள் விட இடமில்லை. நின்றுவிட்டு மறுபடி அடித்தது. பக்கத்தில் நின்ற அம்மாள், "எடுங்க, ஏதோ அவசரம்போல" என்று இந்தியில் சொல்லி, தன் முழங்கையை மடக்கி எனக்கு இடம் செய்து கொடுத்தார். மும்தாஜ் பேசினாள். "ஜெயாக்கா, உம்மா மௌத்தாயிட்டாவ" என்றாள். அவள் அம்மா ஜைத்தூன் லாத்தா இறந்துவிட்டார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, டாக்சி பிடித்துத் தாராவிக்குப் போனேன்.

விடியற்காலைத் தொழுகையை முடித்துவிட்டு டீ குடித்தாராம். "கொஞ்சம் சாஞ்சுக்கிடுதேன், கரண்டு வந்தா எழுப்பு" என்று மகளிடம் சொன்னாராம். அவ்வளவுதான். நோய் கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது. இதைப் படிக்கிறவர்களில் அவரைத் தெரிந்தவர்களுக்கு இதை நம்புவது கஷ்டமாக இருக்கும். ஜைத்தூன் லாத்தா சத்தமே இல்லாமல் செய்த காரியம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அன்று முழுக்க அழுது தீர்த்துவிட்டேன். இதை எழுதும்போது சிரிக்கத்தான் போகிறேன். அவரைப் பற்றி வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். தென்காசிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காளை லாத்தா என்பார்கள். இவர் அந்தப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவர். தொண்ணூறடி சாலைக்கு உள்ளே, எதிரே ஒருவர் வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சந்தில் அவர் கணவர் பை தைக்கும் கார்கானா, அதாவது ஒரு சின்னப் பட்டறை, வைத்திருந்தார். கணவர் போன பிறகு, விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். லாத்தா மெஷினில் உட்கார்ந்துவிட்டார். சந்தில் இருக்கிற தமிழர், பீகாரி, மராத்தி எல்லோருக்கும் அவர் லாத்தாதான். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, பேங்க்கில் வேலை பார்க்கிற எனக்கும் அவர் லாத்தா ஆனார்.

ஆனது ஒரு அறுந்த வாரினால். அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் முதல் கர்ஜத் லோக்கலைப் பிடித்து, ஒரு கூட்டத்தோடு ஏதாவது ஒரு மலைக்கோட்டை ஏறிவிட்டு, சேறும் சகதியுமாக வீடு திரும்புகிற பைத்தியம் நான். முதுகுப் பையின் வார் அறுந்துபோக, யாரோ சொல்லி லாத்தாவிடம் கொண்டுபோனேன். பையை உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தார். "இத எவன் தச்சான்? கண்ண மூடிட்டுல்லா தச்சிருக்கான்" என்றார். வெளிநாட்டுக் கம்பெனி என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "வெளிநாட்டுல கண்ண மூடிட்டு தைக்கிறவன் இருக்க மாட்டானோ?" என்றார்.

தைத்துக்கொண்டே எதற்குப் பை என்று கேட்டார். மலை ஏற என்றேன்.

"மேல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. இடிஞ்ச கோட்டை. நல்ல காத்து."

"ஒண்ணும் இல்லாத எடத்துக்கா இம்புட்டுப் பெரிய பை?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அடுத்த வாரமே அந்த வார் ஒரு கோட்டை வாசலில் வைத்துப் பிய்ந்து வந்துவிட்டது. சண்டை போடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். லாத்தா பையை வாங்கிப் பார்த்தார், அப்புறம் மெஷின்களை நிறுத்தச் சொன்னார். "வாங்கடே, எந் தையல் பிஞ்சு போச்சு, எல்லாரும் வந்து பாருங்க" என்று ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தன் தப்பைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்படுகிற ஆளை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. "அவசரப்படுத்துனியேன்னு லோக்கல்ல பாஸ் பண்ணாம குடுத்துட்டேன். அதாம்" என்றார்.

லோக்கலில் பாஸ் பண்ணுவது என்றால் என்ன என்று உங்களில் பலருக்குத் தெரியும். சிலர் அதற்காக அவரோடு இடிபட்டும் இருப்பீர்கள். புதிதாக ஒரு பை தைத்தால் லாத்தா அதை உடனே விற்க மாட்டார். உள்ளே அரிசியை நிரப்பி, நம் ஊர் ட்ரெயினில் எல்லோரும் மாட்டுவதுபோல மார்பில் மாட்டிக்கொண்டு, சாயங்காலக் கூட்டத்தில் சயானில் ஏறிக் கல்யாண் வரை போவார். வார் தாங்கினால் அது பாஸ். "இந்தக் கூட்டத்துல பிய்யாதது எங்கயும் பிய்யாது" என்பார். ஒருமுறை நானும் கூடப் போனேன். பையைக் கீழே வைக்கச் சொல்லி ஒரு பெண் சண்டைக்கு வந்தாள். "நான் எறக்கி வச்சிட்டா பை எப்படிம்மா வேலை செய்யும்?" என்று லாத்தா தன் தாராவி இந்தியில் கேட்டார். தாணா வருவதற்குள் அந்தப் பெண்ணே வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்து, தனக்கு ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் வேலை முடிந்து நான் கார்கானாவுக்குப் போய், முந்தின நாள் ஏறியதைச் சொல்லியாக வேண்டும். எந்தப் பக்கம் வழுக்கியது, யார் விழுந்தார்கள், என்ன சாப்பிட்டோம் என்று ஒன்று விடாமல் கேட்பார். அவர் பிறந்த ஊரில் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மலை தெரியுமாம். "பாத்துக்கிட்டே இருந்தோம். ஏறுனதெல்லாம் ஆடும் ஆம்பளைகளும்தான்" என்றார் ஒருநாள். சொல்லிவிட்டு மெஷினை மிதித்தார்.

பிறகு எனக்குக் கல்யாணமானது. அதற்கு முந்தைய வருடம் எங்கள் மலையேறும் கூட்டத்தோடு சிக்கிமுக்குப் போயிருந்தேன். தங்கின விடுதியின் ஜன்னலில் ஒரு காலை மேகம் விலகியபோது, எதிர்ப்பக்க மலை முகட்டில் ஒரு வெள்ளைக் கட்டடம் தெரிந்தது. புத்த மடாலயம், ரோடு கிடையாது, நடந்துதான் போகவேண்டும் என்றார்கள். திரும்புகிற ஜீப் வாசலில் நின்றது. அடுத்த தடவை ஏறுகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த தடவைக்குள் கணவனாக முரளி வந்தான், மகன் நகுல் பிறந்தான். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோதே எல்லோரும் ஆரம்பித்துவிட்டார்கள். இனிமேல் மலையாவது ஒன்றாவது என்று ஆசையாகத்தான் சொன்னார்கள். அவனுக்குப் பால் கொடுக்கும்போது போனில் அந்த வெள்ளைக் கட்டடத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளைமேல் எனக்குக் கொள்ளை ஆசை. ஆனாலும் நான் வாடிப் போயிருந்தேன். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

லாத்தா ஒருநாள் பஸ் பிடித்துப் பேரீச்சம்பழத்தோடு செம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும், "ஏளா, ஒன்ன யாரோ மடிச்சு மூலையில வச்ச மாதிரில்லா இருக்க?" என்றார்.

"இவனை விட்டுட்டு எங்க லாத்தா போறது?"

"எதுக்கு விட்டுட்டுப் போகணும்? தூக்கிட்டுப் போ. பைய நான் தைக்கேன்."

டேப்பை எடுத்து அங்கேயே நகுலை அளந்தார். அவன் டேப்பைக் கடித்தான். அவர் அதைப் பிடுங்க, அவன் இன்னும் கடித்தான். என் மாமியார் சமையலறை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் கெட்டவர் அல்ல, பயந்த சுபாவம். சயானில் இருக்கிற சின்னக் கோட்டைக் குன்றையே அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர். வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் முரளி தன் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு முடிவு கொண்டுவந்தான். "ஒரே ஒரு தடவை போகலாம். நடுவுல திரும்பற மாதிரி ஆச்சுன்னா, இவன் பெரிய பையன் ஆகற வரைக்கும் மலைப் பேச்சே எடுக்கக்கூடாது." சரி என்றேன். அப்போது எதற்கு வேண்டுமானாலும் சரி சொல்லியிருப்பேன். திரும்பினால் எனக்கு மலை போய்விடும் என்பது மட்டும் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

பை தயாரானது. நகுலின் எடைக்கு அரிசி கட்டி, அதற்கு ஒரு குல்லாயும் போட்டு, மார்பில் மாட்டிக்கொண்டு லாத்தா கல்யாண் போய்வந்தார். குழந்தை என்று நினைத்து ஒரு காலேஜ் பெண் எழுந்து இடம் கொடுத்தாளாம். "அரிசிக்குத்தாம்ளா எடம் குடுத்தா, எனக்கில்ல" என்று ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார். பை பாஸ். ஆனால் லாத்தாவுக்குத் திருப்தி இல்லை. "அரிசி சும்மா இருக்கும். உம் புள்ள சும்மா இருப்பானா? அவன வச்சு பாஸ் பண்ணணும். நானும் வருதேன்" என்றார். புத்தர் மடத்தில் உங்களுக்கு என்ன வேலை என்று சந்தில் யாரோ கேட்டதற்கு, "மலை அல்லா படைச்சது. மேல இருக்குறவங்க மனுசங்க. ஏறிப் போய் நல்லா இருக்கீங்களான்னு கேட்டுட்டு வாரேன்" என்று பதில் சொன்னார்.

விமானத்தில் அவர் செய்த அழும்பையெல்லாம் எழுதினால் இது முடியாது. நேரே மலையடிவாரத்துக்கு வருகிறேன். அக்டோபர் மாதம், நல்ல வெயில், வானம் கழுவி விட்டது போலிருந்தது. புர்காவுக்குக் கீழே பேரனுடைய விளையாட்டு ஷூ போட்டிருந்தார் லாத்தா. பை அவர் மார்பில், பைக்குள் நகுல். சோதனை முடியும் வரை சரக்கு தன்னுடையது என்று சொல்லி, என்னையும் முரளியையும் தொடவிடவில்லை. கொஞ்ச தூரம் அகலமான மண் பாதை. லாத்தா பேசிக்கொண்டே நடந்தார். நகுல் அவர் மோவாயைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தான்.

பிறகு கல்லும் வேருமாக ஏற்றம் ஆரம்பித்தது. லாத்தா தடுக்கினார். சமாளித்துக்கொண்டு நடந்தவர், மறுபடி தடுக்கி முரளியின் தோளைப் பிடித்துக்கொண்டார். முரளியின் முகம் வெளுத்துவிட்டது. என்ன லாத்தா என்றேன்.

"காலு எங்க இருக்குன்னே தெரியலளா" என்றார்.

அப்போதுதான் எங்கள் மூன்று பேருக்கும் உறைத்தது. மார்பில் பிள்ளை இருந்தால் கால் வைக்கிற இடம் எப்படித் தெரியும்? பம்பாய்க்காரர்கள் நாங்கள். பை என்றால் மார்பில் என்று ஊறிப்போனவர்கள். மார்பில் மாட்டுவதற்கென்றே அளந்து, மார்பில் மாட்டியே ட்ரெயினில் சோதித்து, கல்யாண் வரை போய் ஜெயித்து, இமயமலைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். வருடக்கணக்காக முதுகில் பை மாட்டி மலை ஏறின எனக்கும்கூடத் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு மலைக்காரப் பெண் இறங்கி வந்தாள். முதுகில் ஒரு சால்வையில் அவள் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கைகளை வீசிக்கொண்டு, ஒரு கல்லிலும் தடுக்காமல் வந்தாள். லாத்தா அவளைப் பார்த்தார், குனிந்து தன் மார்பைப் பார்த்தார், ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு. பைக்குள் இருந்த நகுல் குலுங்குகிற அளவுக்குச் சிரிப்பு.

"ட்ரெயின்ல கூட்டமே நம்மளத் தூக்கிட்டுப் போயிரும். கால யாரு பாத்தா? இங்ஙன நம்ம காலுல்லா போகணும்" என்றார்.

முரளி சிரிக்கவில்லை. அவன் பையனை வெளியே எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "ஜெயா, பேசினது பேசினதுதான். திரும்பிடலாம்" என்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. அந்த ஏற்றத்தை அப்படி ஏற முடியாது. பையை முதுகுப்பக்கம் மாட்டிப் பார்த்தோம். வார் தோளைவிட்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"திரும்பலையே தம்பி, நின்னுருக்கோம்" என்றார் லாத்தா. "நிக்கிறது வேற, திரும்புறது வேற." கைப்பையைத் திறந்தார். கோணி ஊசி, மெழுகு நூல், சின்னக் கத்திரி. இதெல்லாம் எதற்கு என்று கேட்ட முரளியிடம், "நீ ஆபீசுக்குப் பேனா இல்லாமப் போவியா?" என்றார். பிள்ளைப் பையின் வாரைப் பிரித்தார். மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டி வைத்தால்தான் வார் தோளில் நிற்கும். பட்டிக்கு எங்கே போவது? தன் கைப்பையின் வாரை வெட்டி எடுத்தார். மலைக்காரப் பெண்ணும் போகாமல் நின்று வேடிக்கை பார்த்தாள். அவளைக் கூப்பிட்டுத் திரும்பி நிற்கச் சொல்லி, சால்வை எப்படிக் கட்டியிருக்கிறது, பிள்ளையின் பாரம் எங்கே உட்காருகிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒருத்தி பேசியது நேபாளி, இன்னொருத்தி தாராவி இந்தி. இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்தது. நகுல் அதற்குள் வழியில் கிடந்த கற்களையெல்லாம் பொறுக்கி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

தைத்து முடித்ததும் நான் பையை முதுகில் மாட்டிக்கொண்டேன். நகுல் என் தோளுக்கு மேலே தலையை நீட்டி, "ஆ" என்றான். அதுவரை லாத்தாவின் கழுத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காதவனுக்கு அப்போதுதான் மலை தெரிந்தது. வழி முழுக்க அந்த "ஆ" என் காதுக்குள்ளேயே கேட்டது. ரொம்ப நாள் கழித்து என் கால்கள் என்னுடையவையாக இருந்தன. மூச்சு வாங்கியது, சட்டை நனைந்தது, சந்தோஷத்தில் எனக்கு எதையாவது கத்தவேண்டும் போலிருந்தது.

கொடித் துணிகள் கட்டியிருந்த ஒரு திருப்பத்தில் லாத்தா நின்றுவிட்டார். தலைக்கு மேலே மடாலயத்தின் கூரை தெரிகிறது. ஆனால் அதற்கு மேல் படி படியாகக் கல். அவர் முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. ஏற முடியாது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எனக்கும் தோள் விட்டுப்போயிருந்தது, நகுல் சிணுங்க ஆரம்பித்திருந்தான். இத்தனையும் செய்தவரை வழியில் உட்காரவைத்துவிட்டு நான் போய் என்ன பார்ப்பது? அழுகை வந்துவிட்டது. "போதும் லாத்தா, இறங்கிடலாம். இவ்வளவு தூரம் வந்ததே போதும்" என்றேன்.

நான் பார்த்து லாத்தா கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"என்னயச் சாக்கு வச்சு எறங்காத. ஒனக்கு எறங்கணும்னா ஒனக்காக எறங்கு. லாத்தாவுக்காக எறங்குனேன்னு நாளைக்கு ஒரு சொல்லு வந்துச்சு, அப்புறம் எங் கார்கானாப் படிய நீ மிதிக்கக்கூடாது."

நான் முரளியைப் பார்த்தேன். அவன் லாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்தான். "நீ போ ஜெயா. நான் லாத்தாவோட இருக்கேன். மெதுவா வா" என்றான். திரும்ப வேண்டும் என்று கீழே சொன்ன அதே மனுஷன்தான். அதற்காக அவனை நான் இன்னும் நிறைய விஷயங்களில் மன்னித்துக்கொண்டிருக்கிறேன்.

நானும் நகுலும் ஏறினோம். கடைசிப் படிகளில் அவன் இறங்கி நடப்பேன் என்று அடம்பிடித்தான். கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று, எறும்பு பார்த்து, மறுபடி ஏறி, அவனுடைய வேகத்தில் மடாலயத்தின் முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே லாமாக்கள் வரிசையாக உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். வெண்ணெய் விளக்குகள் எரிந்தன. சுவரோரமாக உட்கார்ந்து அவனை மடியில் இறுக்கிக்கொண்டேன். பெரிய பறையை ஒருவர் ஓங்கி அடித்தார். நகுல் திடுக்கிட்டு அழப்போகிறான் என்று நினைத்தேன். அவன் ஓதல் நின்ற அமைதியில் கை தட்டி, "இன்னும்" என்றான். தமிழ் தெரியாத அத்தனை பேருக்கும் அது புரிந்தது. தலைமை லாமாவின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. அவர் தலையை அசைக்க, பறைக்காரர் இன்னொரு அடி அடித்தார். இவன் மறுபடி "இன்னும்" என்றான். யாரோ ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து அவன் வாயை அடைத்தார்கள்.

வெளியே வந்து நின்றால் பள்ளத்தாக்கு முழுதும் தெரிந்தது. எதிர்ப்பக்கத்தில், நான் முன்பு தங்கியிருந்த விடுதியின் தகரக் கூரையைத் தேடிக் கண்டுபிடித்தேன். அந்த ஜன்னலில் நின்றுகொண்டு இங்கே பார்த்தவள் நான்தானா என்று இருந்தது. சிரித்தேனா அழுதேனா என்று சொல்லத் தெரியவில்லை. என் மலை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

இறங்கி வந்தபோது லாத்தா, எங்களைத் தேடி மறுபடி ஏறி வந்த அந்த மலைக்காரப் பெண் கொடுத்த டீயைக் குடித்தபடி, முரளிக்குச் சால்வையில் பிள்ளை கட்டும் முறையை விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து விசாரணை ஆரம்பித்தார். தரை மரமா, கல்லா? விளக்கு எண்ணெயா, நெய்யா? என்ன வாசனை? சுவரில் என்ன நிறம்? லாமாக்களில் வயசானவர் எத்தனை பேர்? திங்கட்கிழமைக் கேள்விகள்தான் என்று நினைத்து, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பறை கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

அதன் பிறகு வருடத்துக்கு ஒரு மலையாவது ஏறிக்கொண்டிருக்கிறோம். நகுல் இப்போது இரண்டாம் வகுப்பு. எனக்கு முன்னே ஓடுகிறான். மாமியார் மழைக்காலம் முடிந்ததும் அவராகவே, "இந்த வருஷம் எங்க?" என்று கேட்கிறார். லாத்தா கார்கானாவில் பிள்ளைப் பைகள் தைக்க ஆரம்பித்தார். எல்லாம் முதுகில் மாட்டுவது. சோதனையும் மாறிவிட்டது. ட்ரெயினுக்குப் பதிலாக, சயான் கோட்டைப் படியில் தையல்காரர்களை அரிசியோடு ஏறவிட்டு, இவர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்துவார்.

அடக்கம் முடிந்த சில நாளில், வீட்டில் அவருக்காகக் குர்ஆன் ஓதல் வைத்திருந்த அன்று, மறுபடி தாராவிக்குப் போனேன். கார்கானாவுக்கு மேலே, இரும்பு ஏணியில் ஏறிப் போகிற அவருடைய அறையில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பலரை எனக்குத் தெரியாது. மும்தாஜ் என்னை அறிமுகப்படுத்தியதும், இடுப்பில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண், சந்துக்குப் புதிதாக வந்த மருமகள், கண்ணை அகல விரித்தாள்.

"நீங்கதானா அந்த அக்கா? லாத்தா கூட மலை உச்சி மடத்துக்குப் போனவங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆளுக்கு ஆள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். லாத்தா மடத்துக்குள் போனாராம். தரையெல்லாம் தேக்கு மரமாம். விளக்கு ஆயிரமாம். பறை அடித்ததும் பிள்ளை இன்னும் என்றானாம், லாத்தாதான் அவனை மடியில் பிடித்துக்கொண்டிருந்தாராம். தலைமை லாமா லாத்தாவைப் பார்த்து, இந்தப் பையைத் தைத்தது யார் என்று விசாரித்தாராம். ஓதுகிற வீட்டில் சிரிப்பை அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்தது.

இறங்கும்போது மும்தாஜைத் தனியாகப் பிடித்தேன். அவள் முந்திக்கொண்டாள். "எங்களுக்குத் தெரியும் ஜெயாக்கா. இந்த ஏணி ஏறவே உம்மாவுக்கு ஆள் பிடிக்கணும். அங்க எங்க ஏறியிருக்கப் போறாவ? கேக்க நல்லா இருந்துச்சு, கேட்டுக்கிட்டோம். புள்ள பெத்துட்டு மொடங்கிக் கெடக்கிற பொண்ணு யாராவது இருந்தா போதும், கூப்பிட்டு உக்காரவச்சு இந்தக் கதையத்தான் சொல்லுவாவ." இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. உம்மாவுக்குப் பிடிக்கும்" என்றாள்.

ஏணிக்குக் கீழே அந்தப் புது மருமகள் எனக்காகக் காத்திருந்தாள். குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, வழியில அவங்கவங்க திரும்பிடலாம்னு சொன்னாங்களாம். நீங்க ஒருத்தங்க மட்டும் ஒரு தடவைகூட அந்த வார்த்தையச் சொல்லலையாமே. லாத்தாவே முட்டி வலிக்குது, எறங்கிடலாம்னு சொன்னதுக்கு, நான் ஏறித்தான் தீருவேன்னீங்களாமே. நெஜமா?"

ஒரு தடவைகூடத் திரும்பலாம் என்று சொல்லாத ஒருத்தி, இத்தனை வருடமாகத் தாராவியில் என் பெயரில் உலவிக்கொண்டிருந்திருக்கிறாள். அழுதவளை லாத்தா அந்தத் திருப்பத்திலேயே விட்டுவிட்டு, அவளைத்தான் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். லாத்தாவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொள்வது அவளைத்தான். இனி அவளாகவே இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

"நெஜம்தான்" என்றேன். "உம் புள்ளைக்கு எத்தனை மாசம்?"